நெற்றிக்குப் போன கை

போன மாதம் சிதம்பரத்திலிருந்து இரண்டு பெண்கள் பஸ் பிடித்துக் கடலூருக்கு என் வீடு தேடி வந்தார்கள். காலேஜில் தமிழ் படிக்கிறவர்கள். பழைய பத்திரிகையில் வந்த ஒரு சின்னக் கதையை ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அந்தக் கதையில் வருகிற நாடகக்காரி நான்தான் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"அது நீங்கதானாம்மா?" என்றாள் ஒருத்தி.

"கை என்னுதுதான். கதை அவருது" என்றேன்.

அடுத்தவள் பெஞ்சு நுனிக்கு வந்துவிட்டாள். "ராணி பொட்டை அழிக்கப் போறா. கை நெத்திகிட்ட போய் நின்னுடுது. விதவைன்னா பொட்டை அழிக்கணும்னு சொல்ற ஊரை எதிர்த்துத்தானம்மா நிறுத்துனீங்க?"

"மொதல்ல காபியக் குடி. ஆறிப் போவுது" என்றேன்.

அன்று கொஞ்சம் சொன்னேன். முழுவதையும் அவர்கள் பத்திரிகைக்கு எழுதித் தரச் சொன்னார்கள். யாரையாவது உட்கார வைத்துச் சொல்லி எழுதச் செய்தால் அவர்கள் பேச்சு என் பேச்சில் கலந்துவிடும். அதனால் நானே எழுதினேன். எனக்கு எழுத்து நடந்து வருகிற எழுத்து, ஓடி வராது. படிக்கிறவர்களும் கூடவே நடந்து வந்தால் போதும்.

என் பெயர் செங்கமலம். சரித்திர நாடகம் போடுகிற கம்பெனியில் ராணி வேஷக்காரி. கம்பெனியில் சேர்ந்தபோது பாவாடை கட்டுகிற வயசு. முதலில் தோழிப்பெண், பிறகு இளவரசி, உயரம் வந்ததும் ராணி. பாடமெல்லாம் காதுப் பாடம்தான். வாத்தியார் ஒரு அடி சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். மறந்தால் அடுத்த அடி கிடையாது, சோறும் கிடையாது. கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான். அதற்குமேல் சொன்னால் பெருமை பேசுகிற மாதிரி ஆகும். பெருமை பேசவும் எனக்கு உரிமை உண்டு. ஆனால் அதை வேறு இடத்தில் வைத்துக்கொள்கிறேன்.

வாத்தியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு நாடகம் எழுதியவரும் அவர்தான், சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். ஒல்லியான மனிதர். ஒத்திகையில் துணிமணிப் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பார், கையில் தகரப் பொடி டப்பி இருக்கும். திட்டவும் மாட்டார், நன்றாயிருக்கிறது என்றும் சொல்ல மாட்டார். நடிக்கிறவர் தப்புச் செய்தால் டப்பியைத் திறப்பார். சரியாகச் செய்தால் மூடுவார். அந்த மூடுகிற சத்தத்துக்காக நாங்கள் உயிரை விட்டோம். ஆட்டம் நடக்கும்போது படுதா ஓரத்தில் நிற்பார். சனங்கள் கொட்டகை அதிரக் கை தட்டினாலும் என் காது அந்த டப்பியைத்தான் தேடும்.

எங்கள் கம்பெனிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது 'கோட்டைச் சாவி' என்கிற நாடகம். ஒரு சின்ன மலைக்கோட்டை ராஜா அந்நியப் படையோடு சண்டைக்குப் போகிறார். குதிரை மட்டும் திரும்பி வருகிறது. ரத்தம் தோய்ந்த தலைப்பாகையைத் தாம்பாளத்தில் வைத்து ராணிக்கு முன்னால் நீட்டுகிறார்கள். ராணி பொட்டை அழித்துக்கொண்டு, இடுப்புச் சாவியை எடுத்துக் கோட்டைக் கதவைத் தானே திறந்து வாளோடு போகிறாள். வெள்ளைக்காரன் இருந்த காலம். "அந்நியனே, சாவி என் இடுப்பில்! கேட்டால் கிடைக்காது!" என்று நான் சொல்லும்போது சனங்களுக்கு அந்த அந்நியன் யாரென்று ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. போலீஸ்காரர்களும் முன் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்கள் தட்ட மாட்டார்கள், அவ்வளவுதான்.

பொட்டு அழிக்கிற கட்டம்தான் அந்த நாடகத்துக்கு உயிர். அதற்கு ஒரு முறை உண்டு. பொட்டு பெரிதாகச் சாந்தில் வைத்திருப்பேன். மோதிர விரலில் துளி தேங்காயெண்ணெய் தொட்டுக்கொண்டு மேடைக்குப் போவேன். ஒரே இழுப்பில் சாந்து நெற்றி முழுக்கப் பரவ வேண்டும். கேஸ் விளக்கு வெளிச்சத்தில் தரை டிக்கெட்காரர்களுக்கு அது ரத்தம் வழிகிற மாதிரி தெரியும். "தலைப்பாகை வந்துவிட்டது. தலை எங்கே?" என்று கேட்டுவிட்டுக் கையை மெதுவாகத் தூக்குவேன். விரல் பொட்டைத் தொடுகிற அந்த நொடியில் ஆர்மோனியத்தில் முகாரி எழும். அதற்கு முன்னால் ஒரு சத்தமும் வரக்கூடாது.

ஆர்மோனியம் என் வீட்டுக்காரர் ஏழுமலை. என் அம்மாவுக்குத் தம்பி. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் எனக்கு மாமாதான். மேடைக்குக் கீழே, எனக்கு நேர் எதிரே பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். துருத்தியில் காற்றை நிரப்பி வைத்துக்கொண்டு, கட்டையை அமுக்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தைப் பார்க்கவே மாட்டார்.

"ஏன் மாமா, என் மூஞ்சி அவ்ளோ மோசமாவா இருக்குது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"உன் வசனத்தைக் கேட்டா நானும் அழுதுகினு பெட்டிய மறந்துடுவேன்டி. கையப் பாத்தாதான் எனக்கு வேலை ஓடும்" என்றார்.

கை எத்தனை மெதுவாகப் போனாலும் காத்திருப்பார். உடம்பு சரியில்லாத நாளில் கை சோர்ந்து போகும், அதற்கும் காத்திருப்பார். ஒரு தடவை சேத்தியாத்தோப்பில் காற்றடித்துச் சேலை கையில் சுற்றிக்கொண்டது. நான் அதை விடுவித்து, மறுபடி தூக்கி, விரலை வைக்கிற வரைக்கும் காத்திருந்தார். சனங்கள் அதை ராணியின் தவிப்பு என்று நினைத்துத் தேம்பினார்கள். விரல் படுவதற்கு முன் மாமா பெட்டி பேசியதே இல்லை.

இன்னொரு முறையும் உண்டு. மேடையில் பொட்டை அழித்தவள் அப்படியே கீழே இறங்கக்கூடாது. நாடகம் முடிந்து மங்களம் பாடுவதற்கு முன்னால், படுதாவுக்குப் பின்னால், ஒரு சுமங்கலி அவளுக்குக் குங்குமம் வைக்க வேண்டும். அப்புறம் செத்துப்போன ராஜா, செத்துப்போன சேனாதிபதி எல்லாரும் எழுந்து வந்து ராணியோடு வரிசையில் நிற்க, மங்களம் பாடுவோம். மேடையில் நடந்த கெட்டது மேடையோடு போகட்டும், யார் வீட்டுக்கும் கூட வர வேண்டாம் என்பதற்காக. எனக்குக் குங்குமம் வைக்கிறவர் தனக்கோட்டி அக்கா. தாய் வேஷம் கட்டுகிறவர். ராஜா வேஷம் கட்டுகிற நடேசனுக்குச் சம்சாரம்.

யுத்தம் முடிகிற சமயம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கொட்டகை போட்டிருந்தபோது மாமாவுக்கு விஷ ஜுரம் கண்டது. மருந்து கிடைக்காத காலம். கெடிலம் ஆற்றங்கரைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். நெற்றி வெறும் நெற்றியானது. காரியமெல்லாம் முடிகிற வரைக்கும் கம்பெனி புராண நாடகம் போட்டுச் சமாளித்தது. பிறகு ஆனித் திருமஞ்சனக் கூட்டத்தை நம்பி எல்லாரும் சிதம்பரம் போய் இறங்கினோம். இறங்கினதும் முதலாளி கேட்டது 'கோட்டைச் சாவி'.

காலை வேளை. கொட்டகைக்குள் வாத்தியார் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் சுற்றி நிற்கிறோம். தனக்கோட்டி அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"வாத்தியாரே, மனசுல வெச்சிக்கினு இருக்க என்னால முடியாது. செங்கமலம் ராணி கட்டக்கூடாது."

"ஏன்?"

"அவ நெத்தி போனதுக்கு நானும்தான் அழுதேன். ஆனா மேடையில அவ கட்டிக்கிறது இன்னா தாலி? என் வீட்டுக்காரரு பேருல கட்டிக்கிற தாலி. வேஷத்தாலின்னாலும் தாலிதான? ஒரு ஆம்பிளைக்கு ஆயிடுச்சு. எங்க வீட்டு ஆம்பிளைக்கும் ஆவணுமா?"

நடேசன் பீடியைக் கீழே போட்டார். "அடியே, இந்த நாடகத்துல நான் சாவாத ஊரு எது? பண்ருட்டியில செத்தேன், பெண்ணாடத்துல செத்தேன். இன்னிக்கும் நல்லா கொத்சு ஊத்திக்கினு இட்லி சாப்புடல?"

"நீ வாய மூடு. ஒனக்கு இன்னா தெரியும்?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர் பயம் பொய்ப் பயமில்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்தது. ஆனால் என் நிலைமையும் லேசானதில்லை. கம்பெனியில் வேஷம் போன பெண்ணுக்கு இருந்தது ஒரே இடம், சமையல்கட்டு. ராணியாக நின்ற கால் அரிசி களைகிற இடத்தில் போய் நிற்காது. பட்டினி கிடந்தாலும் கிடக்குமே தவிர அங்கே போகாது.

வாத்தியார் என்னைப் பார்த்தார். "நீ இன்னா சொல்றே?"

"எனக்குன்னு பொட்டு கேக்கல வாத்தியாரே. அது ராணிக்கு. ராணி வெச்சிக்கினு வருவா, ராணியே அழிச்சிடுவா. நான் இப்ப இருக்குற நெத்தியோடயே வீட்டுக்குப் போறேன்."

டப்பி திறந்துதான் இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சினார். பிறகு மூடினார். "மத்தியானம் ஒத்திகை" என்றார்.

தனக்கோட்டி அக்கா விடவில்லை. "நீங்க பெரியவங்க, சொல்லிட்டீங்க. ஆனா ஒண்ணு. மங்களத்துக்கு அவ நெத்தியில என் கை குங்குமம் வெக்காது. வேற ஆளப் பாத்துக்குங்க."

வேறு ஆள் எங்கே? கம்பெனியில் சுமங்கலி என்று இருந்தது அவர் ஒருவர்தான். வாத்தியார் டப்பியை மடியில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார். குங்குமம் இல்லாமல் மங்களத்துக்கு வந்தால், சிதம்பரத்துச் சனங்களுக்கு முன்னால் வரிசையில் நிற்பது ராணியாக இருக்காது. புருஷனை இழந்த செங்கமலமாகத்தான் இருக்கும். அதுவும் நடேசனுக்குப் பக்கத்தில். அப்புறம் எந்த ஊரிலும் எனக்கு ராணி வேஷம் கிடையாது.

அன்று கொட்டகை நிறைந்துவிட்டது. கீழவீதிக் கடைக்காரர்கள், காலேஜுப் பிள்ளைகள், தேர் பார்க்க வந்த வெளியூர்க் கூட்டம். மாமா இடத்தில் வைத்தி என்கிற புது ஆள். தஞ்சாவூர்ப் பக்கம் வாசித்தவன். நல்ல விரல், குறை சொல்ல முடியாது. ஒத்திகையில் நேரம் போதாமல் பாட்டு கட்டங்களை மட்டும் பார்த்தோம், வசன கட்டங்களை விட்டுவிட்டோம்.

குதிரை வந்தது. தாம்பாளம் வந்தது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து விரலில் எண்ணெய் தொட்டுக்கொண்ட ஞாபகம் இருக்கிறது. பக்கத்துப் படுதா ஓரத்தில் தனக்கோட்டி அக்கா தன் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதும் ஞாபகம் இருக்கிறது.

"தலைப்பாகை வந்துவிட்டது. தலை எங்கே?" என்றேன். கையைத் தூக்கினேன். முகாரி எழுந்தது. கை நெற்றிக்குக் கிட்டே போய் நின்றுவிட்டது.

எவ்வளவு நேரம் நின்றதென்று எனக்குத் தெரியாது. முகாரி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கொட்டகையில் இருமல்கூடக் கேட்கவில்லை. கை முன்னாலும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஆனால் நாடகக்காரிக்கு வாய் தன்னால் வேலை செய்யும். அடுத்த வசனம் வந்துவிட்டது. நெற்றிக்குப் போன கை அப்படியே இடுப்புக்கு இறங்கிச் சாவியைப் பிடித்தது. "அந்நியனே, சாவி என் இடுப்பில்!" என்றேன். அழியாத பொட்டோடு கோட்டைக் கதவைத் திறந்தேன்.

தட்டினார்கள். தகரக் கூரை கிடுகிடுத்தது. அந்தச் சத்தத்திலும் நான் படுதா ஓரத்தைப் பார்த்தேன். வாத்தியார் டப்பியை மூடியிருந்தார்.

மங்களத்துக்கு நிற்க வேண்டும். என் நெற்றியில் பொட்டு இருந்தது. யாரும் எதுவும் வைக்க வேண்டியிருக்கவில்லை. நடேசன் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார், சேனாதிபதி நின்றார். செத்தவர்கள் எல்லாரும் வந்து வரிசை கட்டி நின்றார்கள். கீழே ஆர்மோனியத்துக்குப் பின்னால் வைத்தி இருந்தான். மங்களம் பாடினோம்.

வேஷம் கலைக்கும்போது தனக்கோட்டி அக்கா வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எனுக்காகத்தான நிறுத்துன? எங்க வீட்டுக்காரரு பேருல வெச்ச பொட்ட அழிக்க மனசு வராமத்தான நிறுத்துன? காலையில நான் அந்தப் பேச்சு பேசனதுக்கப்புறமும்..." என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எழுந்திரு அக்கா, தரை ஈரமா இருக்குது" என்றேன். தேங்காயெண்ணெயைத் தொட்டு, பொட்டைத் துடைக்கப் போனேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டுத் தன் முந்தானையாலேயே துடைத்துவிட்டார், குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி. அதற்குப் பிறகு கம்பெனி கலைகிற வரைக்கும் எனக்கு வேஷத்தாலி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

மறுநாள் ஒத்திகையில் வாத்தியார் ஒரு வார்த்தைதான் சொன்னார். "இனிமே அப்படியே இருக்கட்டும்." ராணி பொட்டை அழிக்காமல் யுத்தத்துக்குப் போவது ராஜா சாகவில்லை என்று ஊருக்குச் சொல்வதற்காக என்று அதற்கு ஒரு வசனமும் எழுதிச் சேர்த்தார். வைத்தியைக் கூப்பிட்டு, "நேத்து வாசிச்ச இடத்துலயே வாசி, ஒரு இழைகூட மாத்தாதே" என்றார். வைத்திக்குத் தலைகால் புரியவில்லை. அதன்பின் எந்த ஊரில் போட்டாலும் அந்தக் கட்டம் அப்படியேதான்.

சில மாதம் கழித்து, மறுபடி சிதம்பரத்துக்கு வந்திருந்தபோது வாத்தியார் ஒரு பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். எங்கள் ஆட்டத்தைப் பார்த்த ஒருவர் கதை எழுதியிருக்கிறாராம். எல்லாரையும் உட்கார வைத்து உரக்கப் படித்தார். ராஜா பேர் இல்லை. கோட்டை இல்லை. குதிரை இல்லை. ஒரு பெண், விளக்கைச் சுற்றுகிற பூச்சிகள், அவள் கை நெற்றியைப் பார்த்துப் போகிறது. அந்தக் கை போகிற போக்கிலேயே அவள் யார், எங்கே பிறந்தாள், எதை நினைக்கிறாள் என்றெல்லாம் வந்துபோகிறது. கடைசியில் கை நிற்கிறது. வாத்தியார் நிறுத்திவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அங்கே தலைவலித் தைல விளம்பரம் இருந்தது. முன்பக்கத்தைப் பார்த்தார். ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று தாளை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"மீதி எங்கடா?" என்றார்.

நடேசன் எட்டிப் பார்த்துவிட்டு, "பேப்பர் பஞ்சம் வாத்தியாரே. யுத்தம் இப்பத்தான முடிஞ்சுது?" என்றார்.

எழுதியவர் ஒரு நாள் கொட்டகைக்கே வந்தார். சின்ன வயசு, கண்ணாடி போட்டவர். தப்பாக எழுதிவிட்டேனோ என்கிற பயம் முகத்தில் இருந்தது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. நாடகத்தைப் பார்த்துச் சிரிக்கிற படித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் சிரித்தவரில்லை.

"தம்பி, கைய அந்தரத்துல நிறுத்திட்டுப் போயிட்டியே. கோட்டைக் கதவை யாரு தொறக்குறது?" என்றேன்.

"படிக்கிறவங்க தொறந்துப்பாங்கம்மா."

"தொறக்கலன்னா?"

"தொறக்கலன்னா... அந்தக் கை அவங்க மனசுல நிக்கும்."

"நாங்க அப்படி உட்டா பெஞ்சு பறக்கும் தம்பி."

அவர் சிரித்தார். எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதும் சரிதான் போலிருக்கிறது. கதவைத் திறந்த எங்கள் நாடகம் இன்றைக்கு ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. அவர் நிறுத்திய கையைத் தேடி இரண்டு பெண்கள் பஸ் ஏறி வருகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. என் கைதானே.

ஆனால் அவர் கதையில் ஒரு வரி இருக்கிறது. அதை அந்தப் பெண்களையே மறுபடி படிக்கச் சொன்னேன். கை நின்றபோது எங்கும் ஒரு சத்தமும் இல்லை என்று எழுதியிருக்கிறார். தனக்கோட்டி அக்கா தன் புருஷனுக்காக என்று நினைத்தார். வாத்தியார் ராஜா சாகவில்லை என்பதற்காக என்று எழுதினார். இந்தப் பெண்கள் ஊரை எதிர்த்து என்கிறார்கள். எல்லாம் நல்ல காரணங்கள். எனக்கு அவ்வளவு யோசிக்க அங்கே நேரமில்லை.

சத்தம் இருந்தது. "தலை எங்கே?" என்று நான் கேட்டு வாய் மூடிக் கையைத் தூக்கினதுமே வைத்தி முகாரியை எடுத்துவிட்டான். அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். கை பாதி வழியில் இருந்தது, விரல் இன்னும் படவில்லை. அத்தனை வருஷம் விரல் பட்ட பிறகுதான் அந்தப் பெட்டி பேசும். அது முந்திக்கொண்டு பேசினதும் கைக்குப் போக வழி தெரியவில்லை. கண் கீழே போயிற்று. எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவன் வேறு ஆள்.

"ஆர்மோனியமா?" என்றாள் பெஞ்சு நுனியில் இருந்த பெண். "அதனாலயா நிறுத்துனீங்க?"

"அதனாலதான்."

அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். நோட்டில் எழுதலாமா வேண்டாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எழுதிக்கொள்ளச் சொன்னேன். மாமா அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் காத்திருந்திருப்பார். கை போய்ச் சேர்ந்திருக்கும். பொட்டும் அழிந்திருக்கும்.